ஐம்பதில் ஒரு சிவப்புக் கோடு

ராஜரத்தினத்தின் மோட்டார் சைக்கிளுக்கு எல்லா இடமும் கிட்டத்தான். அக்கராயனில் இருந்து கிளிநொச்சி ரவுணுக்கு ஊர்ச்சனம் ஒரு தூரம் சொல்லும். அவருடைய மீற்றர் அதில் முக்கால்வாசியைத்தான் சொல்லும். ஜெயபுரத்தில் இருக்கும் மச்சாள் வீடும் அப்படித்தான், மாங்குளமும் அப்படித்தான். "நீங்களெல்லாம் தூரத்தைக் கூட்டிச் சொல்லிப் பழகிப் போனியள். மீற்றர் ஏன் பொய் சொல்லப் போகுது?" என்று அவர் அடித்துச் சொல்வார். "ராஜரத்தினத்தாரின்ர வண்டியில ஏறினா கொழும்பே பின்வளவுக்குள்ள வந்திடும்" என்று கமக்காரர் கூட்டத்தில் பகிடி விடுவார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். அந்தப் பகிடியை யாராவது ஒருவர் சிரித்து முடித்த பிறகு ஒரு நிமிடம் நிதானமாக யோசித்துப் பார்த்திருக்கலாம். ஒருவரும் பார்க்கவில்லை. இனி அதற்காக யாரைக் கோபிப்பது?

ராஜரத்தினத்துக்கு இப்போது ஐம்பத்தேழு வயது. அவருடைய தகப்பன் காலத்தில் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து, குளத்துக்குக் கீழே காணி எடுத்துக் குடியேறிய குடும்பம். மூன்று ஏக்கர் வயல், ஒரு கல்வீடு, மனைவி ஞானேஸ்வரி. சொன்ன சொல்லில் நிற்கிற மனிதர் என்று ஊரில் நல்ல பெயர். தான் சொன்னதுதான் சரி என்று நிற்கிற மனிதரும் அவர்தான். இரண்டுக்கும் நடுவில் ஒரு வித்தியாசம் இருக்கிறது என்பது அவருக்கு வெகுநாள் தெரியாது.

அந்த வண்டியைச் சமாதானக் காலத்தில் வாங்கினார். கடைசிச் சண்டையில் அதை மாத்தளன் பக்கம் வரைக்கும் தள்ளிக்கொண்டு போனார். அதற்கு மேல் தள்ள வழியில்லாமல் போனபோது, ஒரு பனையடியில் சாய்த்துவிட்டு, ஆறு வயது மகன் லக்ஷனைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார். ஞானேஸ்வரி வண்டியின் பதிவுப் புத்தகத்தைப் பொலித்தீனில் சுற்றி இடுப்பில் செருகியிருந்தார். நகையைக்கூடத் தவற விட்டவர் அதை மட்டும் விடவில்லை. "வண்டியே போயிட்டுது, புத்தகம் என்னத்துக்கு?" என்று பிறகு அகதி முகாமில் வைத்து ராஜரத்தினம் கேட்டார். "கிடக்கட்டும். அது சோறோ கேக்குது?" என்றார் ஞானேஸ்வரி.

இரண்டு வருடம் கழித்து அந்தப் புத்தகத்துக்கு வேலை வந்தது. சனம் விட்டுவிட்டு வந்த வாகனங்களை ஒரு வெளியில் குவித்து வைத்திருக்கிறார்கள், புத்தகம் உள்ளவர்கள் வந்து தேடி எடுக்கலாம் என்று அறிவித்தார்கள். புருஷனும் பெண்சாதியும் மூன்று நாள் போனார்கள். கண்ணுக்கு எட்டிய தூரம் துருப்பிடித்த மோட்டார் சைக்கிள்கள். பின் மட்கார்ட்டை அவர் பச்சை வயரால் கட்டியிருந்தார். அந்த வயரைக் கண்டுதான் ஞானேஸ்வரி கத்தினார். வண்டி அவர்களுடையதுதான். முன் சில்லு மட்டும் இல்லை.

அந்த வெளியில் நின்ற எல்லாருக்கும் அதே கதிதான். ஒருவருக்கு ஹாண்டில் இல்லை, ஒருவருக்கு டாங்கி இல்லை, இன்னொருவருக்கு வெறும் எஞ்சின் மட்டும். சனம் கிடந்ததைப் பொறுக்கி, இருந்ததோடு பொருத்தி, எப்படியாவது ஒரு வண்டியை உருட்டிக்கொண்டு வெளியே வந்தது. வன்னியில் அந்த வருடம் ஓடிய மோட்டார் சைக்கிள்களில் பாதி, நாலு வீட்டுச் சாமான் சேர்ந்து ஒரு வண்டியாக ஓடியவைதான். ராஜரத்தினமும் தனியே கிடந்த ஒரு முன் சில்லை எடுத்தார். வேறு ஏதோ வண்டியின் சில்லு; ரயர் நல்லாக இருந்தது. "ஆற்றையோ தெரியேல்லை. உயிரோட இருக்கினமோ என்னவோ" என்றார் ஞானேஸ்வரி. 

வீட்டு முற்றத்தில் வைத்து அவரே அந்தச் சில்லை வண்டியில் பூட்டினார். அச்சுக்குப் பொருந்த ஒரு இரும்புப் பூணை அரத்தால் அராவி அராவிச் சரிப்படுத்த ஒரு மணித்தியாலம் எடுத்தது. அந்த ஒரு மணித்தியாலமும் ஞானேஸ்வரிதான் சில்லைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தார். "நேராப் பிடி ஞானம், சரிக்காத" என்று பத்துத் தரம் சொல்லியிருப்பார். ஞானேஸ்வரியின் இரண்டு கையும் கிறீஸ் பிடித்துக் கறுத்துப் போயிற்று. கடைசியில் சில்லின் நடுவில் உள்ள குடத்தில் இருந்து மேலே மீற்றருக்குப் போகும் வயரைக் கொழுவினார். அளவாகக் கொழுவிற்று. வண்டியை உருட்டினபோது மீற்றர் ஊசி நடுங்கி எழும்பியது. "அப்பா, ஊசி ஆடுது!" என்று லக்ஷன் கை தட்டினான். மீற்றர் வேலை செய்கிறது என்பதற்கு அந்த வீட்டில் நடந்த பரிசோதனை அவ்வளவுதான்.

லக்ஷன் ஒரே பிள்ளை. அமைதியான பொடியன், தாயைப்போல நிறம், தகப்பனைப்போல உயரம். படிப்பில் நடுத்தரம், கையால் செய்கிற வேலை என்றால் கெட்டி. கிளிநொச்சியில் மின்சார வயரிங் படிக்கப் போகத் தொடங்கியபோது பதினெட்டு வயது. பஸ் நேரத்துக்கு வராது. வண்டியைக் கொடுக்கத்தான் வேண்டும். தாய்க்கோ கொடுக்க மனமில்லை. வெறுமையான ரோட்டில் பொடியள் பறந்து, மாட்டில் மோதி, மதகில் மோதிச் செத்த கதைகள் கிழமைக்கு ஒன்று வந்துகொண்டிருந்த காலம்.

அதற்கு ராஜரத்தினம்தான் ஒரு வழி கண்டுபிடித்தார். பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் சிவப்பு நகப்பூச்சு வாங்கி, மீற்றர் கண்ணாடியில் ஐம்பதுக்கு நேரே ஒரு கோடு கீறினார். மூன்று பேருமாக முறிகண்டிப் பிள்ளையாரிடம் போனார்கள். அந்தக் கோயிலைக் கடக்கிற எந்த வாகனமும் நிற்காமல் போவதில்லை. அவர்கள் அன்று அதற்கென்றே போனார்கள். கற்பூரத்தைக் கொளுத்திவிட்டு ஞானேஸ்வரி மகனின் கையைப் பிடித்து, "என்ர தலையில அடிச்சுச் சொல்லு, இந்தக் கோட்டைத் தாண்டமாட்டன் எண்டு" என்றார்.

"அம்மா, சத்தியம் செய்தா வடிவாச் செய்யவேணும்" என்று சிரித்துவிட்டு, தாயின் தலையில் கை வைத்துச் சொன்னான். "தாண்டமாட்டன் அம்மா."

அதன் பிறகு தாயை ஏற்றிக்கொண்டு போகும்போதெல்லாம் ஞானேஸ்வரி அவனுடைய தோளுக்கு மேலால் எட்டிப் பார்ப்பார். ஊசி கோட்டுக்குக் கீழேதான் நிற்கும். காற்று முகத்தில் அடிக்கிற அடிக்குக் கண் கூசும். ஐம்பது என்றால் இவ்வளவு காற்றா என்று ஒருநாள் யோசித்தாராம். கண் பலவீனமாகிப் போனதுதான் காரணம் என்று விட்டுவிட்டார்.

பெற்றோலுக்குப் பங்கீடு வந்த வருடம் இன்னொரு தடயம் வந்தது. கிழமைக்கு நாலு லீற்றர்தான். ராஜரத்தினம் கிலோமீற்றரை எழுதி வைத்துப் பார்த்தால், மற்றவர்களின் வண்டி ஓடுகிற தூரத்தில் முக்கால்வாசிதான் அவருடைய வண்டி ஓடுவதாகக் கணக்கு வந்தது. "கிழட்டு எஞ்சின், நல்லாக் குடிக்குது" என்று மாங்குளத்தில் கராஜ் வைத்திருக்கும் சஜீவனிடம் கொண்டுபோய்க் காட்டினார். சஜீவன் காபரேற்றரைக் கழுவிக் கொடுத்தான். பெற்றோலைப் பற்றிக் கேட்டால் எவனும் பெற்றோல் போகிற வழியைத்தானே பார்ப்பான்?

இரண்டாயிரத்து இருபத்து மூன்று, மாசி மாதம், அறுவடை நேரம். பின்னேரம் ஐந்தரை மணி. நல்ல வெளிச்சம் இருந்தது. லக்ஷன் அன்றைய வகுப்பு முடிந்து வந்துகொண்டிருந்தான். கதிர்காமநாதன் நெல் மூட்டை ஏற்றிய இழுவைப் பெட்டியோடு உழவு மெசினை வயல் பாதையில் இருந்து ரோட்டுக்கு ஏற்றினான். கதிர்காமநாதன் வேறு யாருமில்லை. பத்து வருடமாக ராஜரத்தினத்தின் வயலை உழுது கொடுத்தவன், அவரை அண்ணை என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவன். மெசின் ரோட்டைக் கடந்துவிட்டது, பெட்டி கடக்கவில்லை. லக்ஷனின் தோளும் தலையும் பெட்டியின் மூலையில் அடிபட்டன. வண்டி சரிந்து புல்லுக்குள் வழுக்கிக்கொண்டு போய் விழுந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதே பிள்ளையின் உயிர் போய்விட்டது. இருபது வயது.

வண்டிக்குப் பெரிய சேதம் இல்லை. மீற்றர் கண்ணாடி நொறுங்கி, தகடு நெளிந்து, ஊசி அதில் இறுகிப்போய் நின்றது. ஐம்பதில். நகப்பூச்சுக் கோடு கீறிய கண்ணாடித் துண்டு ஒன்று அதன் மேலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

கதிர்காமநாதன் பொலிசிடம் ஒரே ஒரு கதையைத்தான் சொன்னான், எல்லா இடத்திலும் அதையே சொன்னான். "அந்த மருதமரத்தடியில வரேக்க பொடியனைக் கண்டனான். ஐம்பதில வாறவனெண்டா நான் கடந்திருப்பன். இவன் அதுக்கு மேல வந்தவன்." செத்த பிள்ளையில் பழியைப் போடுகிறான் என்று ராஜரத்தினத்துக்குப் பற்றி எரிந்தது. செத்த வீட்டுக்கு வந்தவனை வாசல் படலையில் வைத்தே திருப்பி அனுப்பினார். "மீற்றர் ஐம்பதில நிக்குது. போய்ப் பார். என்ர பிள்ளை சொல்லு மீறாதவன்" என்றார். அன்றில் இருந்து அந்த வீட்டோடு தண்ணிகூட வாங்கிக் குடிக்கிற உறவு இல்லை. உழவுக்கு வேறு ஊரில் இருந்து மெசின் பிடித்தார். வாய்க்காலில் எதிரே வந்தால், ஒருவர் வரம்பில் இறங்கி நிற்பார், மற்றவர் கடப்பார், கதை இல்லை.

வெளியே சண்டை என்றால் அதை ஒரு மாதிரிச் சமாளிக்கலாம். வீட்டுக்குள்ளேயும் ஒன்று இருந்தது. ஞானேஸ்வரி மீற்றரை நம்பவில்லை. ரோட்டில் நின்ற நாலு பேர் "பொடியன் வேகமாத்தான் வந்தவன்" என்று சொன்னது அவருடைய காதில் விழுந்துவிட்டது. அவர் அழவில்லை. பிள்ளையில் கோபம். தன்னுடைய தலையில் கை வைத்துச் சத்தியம் செய்துவிட்டு, தனியே போகும்போது மீறியிருக்கிறான் என்ற கோபம். லக்ஷனுக்குப் பயத்தம் பணியாரம் என்றால் உயிர். வருடம் திரும்பிய ஆட்டைத் திவசத்துக்கு எல்லாம் சமைத்துப் படைத்தவர், அதை மட்டும் செய்யவில்லை.

"என்ர தலையில அடிச்சுச் சொன்னவன். சொல்லுக் கேளாத பிள்ளைக்கு நான் ஏன் பிடிச்சதைச் செய்யவேணும்?" என்றார்.

"அவன் மீறேல்லை ஞானம். ஊசி ஐம்பதில நிக்குது" என்றார் ராஜரத்தினம்.

"ஊசி நிக்கும். பிள்ளை எங்க?"

இரண்டரை வருடம் அவர்கள் இருவரும் ஒரே கூரைக்குக் கீழே இப்படித்தான் இருந்தார்கள். செத்த பிள்ளையை நினைத்து அழுவதற்குக்கூட ஒருவருக்கு ஒருவர் துணை இல்லை.

கதிர்காமநாதன் மேல் வழக்கு நடந்துகொண்டிருந்தது. வண்டியைப் பிணையில் திருப்பித் தந்தார்கள். வழக்கு முடியுமட்டும் எதையும் மாற்றக்கூடாது, விற்கக்கூடாது என்று சொல்லித்தான் தந்தார்கள். ராஜரத்தினம் அதை விறாந்தையின் ஒரு மூலையில் நிறுத்தி, சாக்கால் மூடி வைத்தார். கழிந்த ஆனி மாதத் தவணையில் அவர் சாட்சி சொன்னார். மீற்றர் ஐம்பதில் நின்றதைப் பற்றி நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். கதிர்காமநாதனின் லோயர் எழும்பி, மரியாதையாகத்தான் ஒரு கேள்வி கேட்டார்.

"ஐயா, அந்த மீற்றர் சரியாக வேலை செய்தது என்பதற்கு உங்களிடம் என்ன அத்தாட்சி இருக்கு?"

ராஜரத்தினம் சாட்சிக் கூண்டை விட்டு இறங்கினார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தனக்குள்ளே திட்டிக்கொண்டு வந்தார். அத்தாட்சியாம் அத்தாட்சி. கொண்டுவந்து காட்டுறன் பார். அடுத்த தவணைக்குள் மீற்றர் சரி என்று ஒரு கடிதம் எடுத்துக் கதிர்காமநாதனின் வாயை அடைக்க வேண்டும் என்று முடிவு கட்டினார். ஞானேஸ்வரிக்கும் அந்தக் கடிதத்தைக் காட்ட வேண்டும். உண்மையில் அதுதான் அவருக்குப் பெரிது. என்ர பிள்ளை மீறேல்லை, பார், எழுத்தில இருக்கு என்று காட்ட வேண்டும்.

ஆவணி மாதம் ஒரு காலை, சாக்கை எடுத்துவிட்டு வண்டியை உதைத்தார். பத்தாவது உதையில் எழும்பிற்று. சோளகக் காற்று புழுதியை அள்ளி முகத்தில் எறிந்தது. மாங்குளம் வரைக்கும் இருபது, இருபத்தைந்து என்று மெதுவாகத்தான் ஓடினார். அவர் ஒருநாளும் வேகமாக ஓடாதவர். அதனால்தான் அவருக்கு ஒன்றும் தெரியாமல் போயிற்று. ஊசி மட்டும் வழி முழுக்க ஐம்பதில் நின்றது. மதகுக்காக நிறுத்தினாலும் ஐம்பது, மாட்டுக்காக நிறுத்தினாலும் ஐம்பது.

சஜீவன் வந்த விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"அண்ணை, ஊசி இறுகிப் போய் நிக்குது. அடிபடேக்க ஊசி இருந்த இடத்திலயும் நிக்கும், துள்ளிப் போய் வேற இடத்திலயும் நிக்கும். அதைப் பார்த்து நான் கடிதம் தரேலாது."

"அவன் கோட்டில ஓடினவன். கோட்டிலதான் நிக்குது. இதுக்கு மேல என்ன வேணும்?"

"சரி, அவன் கோட்டில ஓடினவன் எண்டே வைப்பம். கோடு சரியோ எண்டுதானே லோயர் கேக்கிறார்?" சஜீவன் மீற்றரைக் குனிந்து பார்த்தான். "ஊசி செத்தாலும் கிலோமீற்றர் இலக்கம் இன்னும் உருளுது. ரெண்டுக்கும் ஒரே வயர்தான். ஒண்டு பிழையெண்டா மற்றதும் பிழை, ஒண்டு சரியெண்டா மற்றதும் சரி. இப்பிடியே ஏ-ஒன்பது ரோட்டால வடக்க போங்கோ. ரோட்டுக் கரையில கிலோமீற்றர் கட்டை நிக்குது. பத்துக் கட்டை எண்ணுங்கோ. மீற்றரும் பத்துக் காட்டினா நான் கடிதம் தாறன்."

ராஜரத்தினம் ஒரு பேனா வாங்கி, ஒரு கட்டையடியில் நின்று, உள்ளங்கையில் இலக்கத்தை எழுதினார். நாற்பத்தோராயிரத்து இருநூற்று ஆறு. கடைசி வெள்ளைக் கட்டத்தில் மூன்று. பிறகு ஓடினார்.

முதல் கட்டை வந்தபோது இலக்கம் முழு ஒன்று கூடவில்லை. ஆரம்பித்த இடம் பிழைத்திருக்கும் என்று நினைத்தார். இரண்டாவது கட்டையில் ஒன்றரைதான் கூடியிருந்தது. கட்டை நட்டவன் குடித்துவிட்டு நட்டிருப்பான் என்று வாய்விட்டே சொன்னார். நாலாவது கட்டையில் மூன்று. வண்டியை ஓரம் கட்டி நிறுத்தி, பின்னால் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். ரோட்டு நேராகக் கிடந்தது. பஸ்களும் லொறிகளும் போய்க்கொண்டிருந்தன. காற்சட்டைப் பையில் இருந்த லேஞ்சியால் மீற்றரைத் துடைத்துவிட்டு மறுபடி ஓடினார். பத்தாவது கட்டையில் ஏழரை. அந்த இலக்கத்தையும் உள்ளங்கையில் எழுதினார்.

அவர் அதோடு விடவில்லை. மனிதனுக்கு ஆசை அவ்வளவு கெதியாகச் சாகாது. திரும்பி அதே பத்துக் கட்டையையும் எண்ணிக்கொண்டு மாங்குளத்துக்கு வந்தார். ஏழரைதான்.

சஜீவன் உள்ளங்கையில் இருந்த மூன்று இலக்கங்களையும் பார்த்தான். முன் சில்லடியில் குந்தி, வயர் கொழுவுகிற இடத்தைத் துணியால் துடைத்தான். 

"இது இந்த வண்டியின்ர சில்லு இல்லை அண்ணை."

"தெரியும்."

"ஒவ்வொரு வண்டிக்கும் மீற்றருக்கு ஏத்த பல்லுச் சில்லுத்தான் குடத்துக்குள்ள இருக்கும். இது வேற வண்டியின்ர பல்லு. வயரை மெதுவாச் சுத்துது. நாலு கிலோமீற்றர் ஓடினா மூண்டு எண்டு எழுதும்." அவன் தலையை நிமிர்த்தாமலே சொன்னான். "கொம்பனிக்காரர் எப்பவும் ஊசியைக் கொஞ்சம் கூட்டித்தான் காட்ட வைப்பினம். குறைச்சுக் காட்ட விடமாட்டினம். ஓடுறவனுக்கு அதுதானே பாதுகாப்பு. அதைக் கழிச்சாலும், இந்த ஊசி ஐம்பது எண்டு நிண்டா, வண்டி அறுபதுக்கு மேல. அறுபத்தைஞ்சுக்கும் கிட்ட இருக்கும். இதை ஆர் பூட்டினது?"

"நான்தான்" என்றார் ராஜரத்தினம்.

சஜீவன் ஒரு கதிரையை எடுத்துப் போட்டான். அவர் இருக்கவில்லை. அவருடைய கண் மீற்றரிலேயே நின்றது. பதினெட்டு வயதுப் பிள்ளையைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய், கற்பூரம் கொளுத்தி, சத்தியம் வாங்கி, ஒரு பொய்யான கோட்டை நம்பச் சொல்லியிருக்கிறார். பிள்ளை நம்பியது. அவன் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், "அப்பா, எங்கட வண்டி மட்டும் ஏன் எல்லா இடத்துக்கும் கிட்டப் போகுது?" என்று கேட்டதும், தான் "மீற்றர் பொய் சொல்லாதடா" என்று சொன்னதும் ஞாபகம் வந்தது.  கராஜின் பின்பக்கம் போய் வாந்தி எடுத்தார்.

திரும்பி வரும்போது முறிகண்டியில் எல்லாரையும்போல நிறுத்தினார். கற்பூரம் வாங்கவில்லை. மகன் தாயின் தலையில் கை வைத்து நின்ற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, வண்டியை உருட்டிக்கொண்டு நடந்தார். ஓட மனம் வரவில்லை. அரைவாசித் தூரம் உருட்டிய பிறகுதான், உருட்டினால் இருட்டிவிடும் என்று ஏறினார். நேரே வீட்டுக்குப் போகவில்லை. கதிர்காமநாதனின் படலையில் நிறுத்தினார்.

கதிர்காமநாதன் மெசினுக்குக் கீழே படுத்து ஏதோ முறுக்கிக்கொண்டிருந்தான். எழும்பி, கையைச் சாறத்தில் துடைத்துக்கொண்டு, சண்டைக்கு வந்திருக்கிறாரோ என்று தெரியாமல் நின்றான். அவனுடைய மனைவி சுமித்திரா குசினி வாசலுக்கு வந்தார். ராஜரத்தினம் முற்றத்தில் நின்றபடியே உள்ளங்கையை நீட்டினார். கட்டை எண்ணியது, சில்லு, பல்லு எல்லாவற்றையும் சொன்னார்.

"நீ கண்டது சரி. அவன் அறுபதுக்கு மேலதான் வந்தவன். அவனுக்கு அது தெரியாது. நான்தான் செய்தது. அடுத்த தவணைக்கு நானே சொல்லுறன்."

கதிர்காமநாதனுக்கு விடுதலை கிடைத்த சந்தோசம் வரும் என்று நீங்கள் நினைக்கலாம். அவன் அப்படியே மெசின் ரயரில் சாய்ந்து நிலத்தில் குந்திவிட்டான்.

"அண்ணை, இவ்வளவு நாளும் எனக்கே என்னில சந்தேகம். நீங்கள் ஐம்பது ஐம்பது எண்டு சொல்லச் சொல்ல, நான்தான் வடிவாப் பாக்கேல்லையோ எண்டு... மருதடிக்குப் போய் நிண்டு எத்தினை தரம் பார்த்திருப்பன்." முகத்தை இரண்டு கையாலும் பொத்தினான். "ஒரு நிமிசம் பொறுத்து ஏத்தியிருக்கலாம். ஆரும் என்னைக் கலைச்சுத் துரத்தேல்லையே."

சுமித்திரா தேத்தண்ணி கொண்டுவந்து, கொடுக்கலாமா என்று தெரியாமல் தயங்கினார். "தாங்கோ பிள்ளை" என்று ராஜரத்தினம் வாங்கிக் குடித்தார். இரண்டரை வருடத்துக்குப் பிறகு அந்த வீட்டில் குடித்த முதல் தேத்தண்ணி. அவருக்கு அதில் இனிப்பும் தெரியவில்லை, சூடும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தபோது பொழுது படவில்லை. ஞானேஸ்வரி முற்றத்தில் நெல் காயப்போட்டு, காலால் கிளறிக்கொண்டிருந்தார். வண்டியைக் கண்டதும், "கடிதம் தந்தவனோ?" என்று கேட்டார். நக்கலாகத்தான் கேட்டார்.

"தரேல்லை."

வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வசனங்கள் ஒன்றும் வரவில்லை. எப்படித் தொடங்கினாலும் அவருடைய தலையில்தான் வந்து முடியும். சொல்லாமல் விட்டால் ஞானேஸ்வரி கடைசி வரைக்கும் பிள்ளையைக் கோபித்துக்கொண்டே இருப்பார். சொன்னால் அந்தக் கோபம் திரும்பி இவரிடம் வரும், வந்தால் சாகும் மட்டும் போகாது. அது அவருக்கு நல்லாகத் தெரியும். வாசற்படியில் இருந்தார். இருந்துகொண்டு, ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னார்.

ஞானேஸ்வரியின் கால் நெல்லுக்குள் அப்படியே நின்றது.

"அப்ப... அவன் கோட்டைத் தாண்டேல்லையோ?"

"தாண்டேல்லை ஞானம். அவனுக்கு ஐம்பதுதான். கடைசி வரைக்கும் ஐம்பதுதான்."

"என்ர பிள்ளை தாண்டேல்லையோ?"

"தாண்டேல்லை."

அதன் பிறகு ஞானேஸ்வரி அழுத அழுகையைக் கேட்டுப் பக்கத்து வளவில் இருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். செத்த வீட்டில் அழாத மனுசி, இரண்டரை வருடம் பிந்தி, நெல்லுக்குள் குந்தி இருந்து, பிள்ளையைப் பெயர் சொல்லிச் சொல்லி அழுதார். பணியாரம் செய்து வைக்காததைச் சொல்லி அழுதார். "உன்னைக் கோபிச்சிட்டனே ராசா, சொல்லுக் கேட்ட பிள்ளையைக் கோபிச்சிட்டனே" என்று மண்ணில் அடித்தார். ராஜரத்தினம் கிட்டப் போகவில்லை. கிட்டப் போக உரிமை இல்லை என்று நினைத்து, வாசற்படியிலேயே தலையைக் குனிந்துகொண்டு இருந்தார்.

அழுகை ஓய வெகுநேரம் எடுத்தது. ஞானேஸ்வரி எழும்பினார். முகத்தைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு நேரே வண்டியடிக்குப் போனார். முன் சில்லை மேலும் கீழும் பார்த்தார். குனிந்து அதைத் தொட்டார்.

"நான்தான் பூட்டினது ஞானம்" என்றார் ராஜரத்தினம். "என்னைப் பேசு. என்னைத்தான் பேசவேணும்."

ஞானேஸ்வரி திரும்பவில்லை. ஏதாவது ஒரு சொல் வரட்டும், எவ்வளவு கொடிய சொல்லென்றாலும் வரட்டும் என்று அவர் காத்திருந்தார். ஞானேஸ்வரி வந்து பக்கத்தில் படியில் இருந்தார். தன்னுடைய இரண்டு உள்ளங்கையையும் விரித்து, மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்கள் தனியவோ பூட்டினீங்கள்? நான்தானே பிடிச்சுக்கொண்டு இருந்தனான்" என்றார். "நேராப் பிடி எண்டு சொன்னீங்கள். நேராத்தான் பிடிச்சனான்."